ஜோடிக்கு ரெண்டு டப்பா

எனக்குத் தூக்கம் ஒரு பிரச்சினையாக இருந்ததே இல்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்குகிறவள் நான். அப்படிப்பட்டவளைக் கூப்பிட்டு, தூக்கம் வராதவர்களைப் பற்றிய ஆராய்ச்சியில் வேலை கொடுத்தார்கள். எங்கள் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ போய்ப் பக்கத்துல உக்காந்தாலே போதும், அவங்களுக்குத் தூக்கம் வந்துடும்" என்றாள்.

2005 சித்திரையில் சேர்ந்தேன். பி.எஸ்சி. முடித்துவிட்டு மரக்காணத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ரெண்டு வருஷம் நின்று, கால் மரத்துப்போயிருந்த நேரம். புதுச்சேரி பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஒரு டாக்டர் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். உப்பளத்து ஆட்களிடம் பேசத் தெரிந்த, கொஞ்சம் படித்த பெண் யாராவது கிடைப்பாளா என்று கடைக்காரரிடம் விசாரித்தார். கடைக்காரர் பதில் சொல்வதற்குள் நான் "நான் இருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டேன். வாய் எனக்கு எப்போதும் மூளைக்கு ஒரு எட்டு முன்னால்தான் போகும். இந்தக் கதை முழுக்க அதனால் வந்த வினைதான்.

அந்த வருஷம் எங்கள் கரைக்கு நோட்டும் பேனாவுமாக யார் வந்தாலும், சுனாமி அலையைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று ஜனங்கள் முடிவுகட்டியிருந்தார்கள். நான் வாசலில் நின்றதுமே "எங்களுக்கு வூடு போவலம்மா, எங்க பேர எழுத மாட்டாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்துவார்கள். டாக்டர் தேடியது வேறு ஆட்களை. அலைக்கெல்லாம் வெகு முன்னாலிருந்தே, வருஷக்கணக்காகத் தூக்கத்தைத் தொலைத்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் உப்பளத்தில் இத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்கே தெரியாது. பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பார்கள். இவர்களுக்கு வரப்பில் படுத்தாலும் வராது, மெத்தையில் படுத்தாலும் வராது.

ஆராய்ச்சி இதுதான். எட்டு வாரம். ஆளுக்கு ஒரு மாத்திரை டப்பா, ராத்திரிக்கு ஒன்று. டப்பாவின் மேல் நம்பர் மட்டும் இருக்கும். பாதி டப்பாக்களில் தூக்கத்துக்கான புது மாத்திரை. மீதிப் பாதியில் அதே நிறம், அதே அளவு, ஆனால் உள்ளே மருந்து கிடையாது, வெறும் மாவு. எந்த நம்பரில் எது என்று எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அந்தப் பட்டியல் சென்னையில் யாரிடமோ பூட்டியிருந்தது. "தூக்க விஷயத்துல நம்பிக்கையே பாதி மருந்தும்மா. அந்தப் பாதியக் கழிச்சுப் பாத்தாத்தான் மாத்திரையோட யோக்கியதை தெரியும்" என்று டாக்டர் எனக்கு விளக்கினார். எனக்குப் புரிந்தது. புரிந்த மாதிரி தலையாட்டினேன் என்பதுதான் சரி.

சேருகிறவர்களிடம் ஒரு தாளைப் படித்துக் காட்டி கைநாட்டு வாங்க வேண்டும். ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் மூன்று வீட்டில் அப்படியே படித்தேன். "உங்களுக்குக் கிடைக்கும் மாத்திரையில் மருந்து இல்லாமலும் இருக்கலாம்" என்ற வரி வந்ததும் மூன்று வீட்டிலும் எழுந்துவிட்டார்கள். "மாவு துன்றதுக்கு உன் ஆஸ்பத்திரிக்கு எதுக்கு வரணும், எங்க வூட்லயே பானை நெறைய இருக்குது" என்று ஒருத்தி சொன்னாள். மாசக் கடைசிக்குள் ஆள் சேர்க்காவிட்டால் மறுபடியும் ஜெராக்ஸ் மெஷின்தான் என்று எனக்கு பயம் வந்துவிட்டது. நாலாவது வீட்டிலிருந்து அந்த ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தேன். "ரெண்டு வகை மாத்திரை இருக்குது, யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாது" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கே சிரித்தார்கள். "குடுக்கறவருக்கே தெரியாதா? நல்ல டாக்டருதான் போ." சிரித்துக்கொண்டே கைநாட்டு வைத்தார்கள். பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உப்பு வாரும் ஒரு அக்காவையும் அவள் ஜோடிக்காரியையும் அப்படித்தான் சேர்த்தேன்.

ஜோடி என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். வாரிய உப்பைக் கூடையில் நிரப்பினால் ஒரு ஆள் தனியாகத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்ள முடியாது, ஏற்றிவிட இன்னொரு ஆள் வேண்டும். அதனால் எங்கள் பக்கத்து அளங்களில் பெண்கள் ரெண்டு ரெண்டு பேராகத்தான் வேலைக்குப் போவார்கள். கூலி ஜோடிக்குத்தான், ஆளுக்கு இல்லை. ஒருத்திக்கு இடுப்பு வலித்து பாதி நடை நடந்தாலும் சரிபாதி. டீ வந்தாலும் பன் வந்தாலும் பிய்த்துப் பாதி. புருஷன் பெண்டாட்டிக்குள்கூடக் கணக்கு வரும், ஜோடிக்குள் வராது என்பார்கள்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தொன்று. ஒல்லி உடம்பு, எப்போதும் சிவந்த கண். உப்புக் காட்டு வெயிலால் எல்லோருக்கும் கண் சிவந்துதான் இருக்கும், அவளுக்கு இன்னும் அதிகம். ஜோடிக்காரி அவளைவிட ஆறேழு வயது இளையவள், வாயாடி. அவளுக்கும் தூக்கம் சரியில்லை. ஒருத்திக்கு வராததால் இன்னொருத்திக்கும் வராமல் போனதோ என்னவோ.

காலை பத்து மணிக்கு வேலை முடித்து, உப்பு அம்பாரத்தின் நிழலில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது தாளைப் படித்துக் காட்டினேன். அந்த ஒரு வரியைத் தவிர. அக்கா கைநாட்டு வைப்பதற்கு முன் ஒன்று சொன்னாள்.

"எங்கம்மாவும் இப்படித்தான் கண்ணு. தூங்காது. பாண்டி, திண்டிவனம்னு எங்கெங்கயோ காட்னோம், ஒரு மருந்தும் கேக்கல. நாப்பத்திரெண்டுல போயிடுச்சு. எனக்கு வர்ற ஐப்பசிக்கு நாப்பத்திரெண்டு. என் பொண்ணு பன்னெண்டாவது எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்துனு இருக்கா, டீச்சர் ட்ரெயினிங் படிக்கணுமாம். இந்த மருந்து எனக்குக் கேட்டுச்சுன்னா படிக்கட்டும். கேக்கலன்னா ஆனிக்குள்ள எங்க அண்ணன் பையனுக்குக் கட்டிக் குடுத்துடுவேன். அவங்கப்பா போயி ஏழு வருஷமாச்சு. நானும் கண்ண மூடிட்டா அவளுக்கு யாரு இருக்கா, சொல்லு?"

"கேக்கும்க்கா" என்றேன். பார்த்தீர்களா, வாய்.

அண்ணன் வீடு வானூர் பக்கம். நிலம் நீச்சு உள்ளவர்கள். பையன் தங்கமானவன்தான், டிராக்டர் ஓட்டுகிறான். அவனிடம் ஒரு குறையும் இல்லை. பெண்ணுக்குப் படிக்க ஆசை, அவ்வளவுதான் விஷயம்.

வாரத்துக்கு ஒரு தடவை போய் மாத்திரையை எண்ணிப் பார்ப்பேன். தாளில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வட்டம் இருக்கும். நன்றாகத் தூங்கினால் வட்டம் முழுக்கக் கறுப்பாக்க வேண்டும், அரைகுறை என்றால் பாதி, தூங்காவிட்டால் வெறும் வட்டம். படிக்கத் தெரியாதவர்களுக்காக டாக்டர் யோசித்த வழி. எழுந்திருக்கும் நேரத்தையும் நான் கேட்டுக் குறிக்க வேண்டும். முதல் வாரத் தாள்களைப் பார்த்து டாக்டர் பதறிவிட்டார். "எல்லாரும் ரெண்டரை மணிக்கு முழிச்சுக்கறாங்களே, இது கடுமையான நோய் லட்சணமாச்சே" என்றார். "சார், மூணு மணிக்கு அவங்களுக்கு வேலை. வெயிலுக்கு முன்னாடி வாரணும்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வேறு தாள் அடிக்கச் சொன்னார்.

முதல் ரெண்டு வாரம் அக்காவுடைய வட்டங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. ஜோடிக்காரியுடையது நாலாம் நாளிலிருந்து நல்ல கறுப்பு. "படுத்தா பொணம் மாதிரி தூங்கறேன்மா" என்று அவள் சந்தோஷமாகச் சொல்வாள், சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்து வாயை மூடிக்கொள்வாள். அக்கா டப்பாவை நீட்டுவாள், நான் எண்ணுவேன், சரியாக இருக்கும்.

வைகாசியில் ரிசல்ட் வந்தது. பெண் நல்ல மார்க். நான் அவர்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போது பின்னாலேயே ஓடிவந்தாள். வெடவெடவென்று உயரமான பெண், அம்மா மாதிரியே ஒல்லி. "அக்கா, அந்த மாத்திர எங்கம்மாக்கு வேல செய்யும்ல?" என்று கேட்டாள். அவள் கேட்டது மாத்திரையைப் பற்றியா? டிரெயினிங் அப்ளிகேஷன் ஒன்றைச் சுருட்டி கையில் வைத்திருந்தாள். "செய்யும், கொஞ்சம் டைம் ஆவும்" என்றேன். சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிட்டேன். அவள் அம்மா கையில் இருப்பது மாவாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு முதல் தடவையாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாவது வாரத்திலிருந்து அக்காவின் தாளில் கறுப்பு வட்டம் வர ஆரம்பித்தது. எனக்கு உயிர் வந்தது. ஜோடிக்காரியின் தாளில் வெறும் வட்டங்கள் வர ஆரம்பித்ததை நான் சட்டை செய்யவில்லை. மாத்திரை எண்ணிக்கை ரெண்டு டப்பாவிலும் சரியாகவே இருந்தது.

ஆறாவது வாரம் போனபோது அக்கா சொன்னாள்: "வெள்ளிக்கெழம எங்க அண்ணன் வூட்லேருந்து தட்டு மாத்த வர்றாங்கம்மா. ஆனி ரெண்டாவது வாரத்துல முகூர்த்தம்."

"ஏன்க்கா? நீதான் இப்ப தூங்கறியே?"

"பாதி நாளு தூங்கறேன்" என்றாள்.

பாதி நாள். அந்த வார்த்தை மனசில் நமநமவென்றது. வீட்டுக்கு வந்து ரெண்டு பேர் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து அக்காவுக்கு ஒரு நாள் கறுப்பு, ஒரு நாள் வெள்ளை, ஒரு நாள் கறுப்பு, ஒரு நாள் வெள்ளை. ஜோடிக்காரிக்கும் அப்படியே, ஆனால் தலைகீழாக. இவள் தூங்கிய நாளில் அவள் தூங்கவில்லை. அவள் தூங்கிய நாளில் இவள் தூங்கவில்லை. ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

மறுநாள் அளத்துக்குப் போய் ரெண்டு பேரையும் வைத்துக் கேட்டேன். அவர்கள் ஒளிக்கவே இல்லை. ஒளிக்க ஏதாவது இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

"ஆமா, மாத்தி மாத்திதான் துன்றோம். இன்னா இப்ப?" என்றாள் ஜோடிக்காரி. "எனக்குக் குடுத்தது நல்லா கேக்குது, அக்காவுக்குக் குடுத்தது கேக்கல. ஒரு நாளு என் டப்பா அக்காகிட்ட, அக்கா டப்பா என்கிட்ட. மறுநாளு திருப்பிக்குவோம். ஜோடில ஒருத்தி மட்டும் தூங்கினா எப்டிம்மா? கூடைய ஏத்திவுடறதுக்கு ரெண்டு பேருக்கும் தெம்பு வேணும்ல?"

எனக்குக் கோபம் வந்தது. ஆராய்ச்சி நாசமாய்ப் போச்சே என்ற கோபம் பாதி, அவர்கள் செய்ததில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லையே என்ற கோபம் பாதி. "அப்ப ஏன்க்கா கல்யாணம்? அவ டப்பா கேக்குதுல்ல உனக்கு?" என்று கத்தினேன்.

அக்கா பதட்டப்படாமல் சொன்னாள். "அது அவளுக்குன்னு குடுத்தது. எனக்குன்னு நம்பர் பாத்துக் குடுத்த மருந்து எனக்குக் கேக்கலயே கண்ணு. எங்கம்மாவுக்கும் இதேதான். அவளோடத நான் எத்தினி நாளு துன்ன முடியும்? இன்னும் ரெண்டு வாரத்துல டப்பா தீந்துடும்."

நம்பர் பார்த்துக் கொடுத்த மருந்து. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது என நான் சொன்னதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு மறந்துவிட்டிருக்கிறாள். டாக்டர் தன் உடம்பைப் பார்த்து, தனக்கென்று ஒரு மருந்தைப் பொறுக்கி எடுத்துத் தந்திருக்கிறார், அந்த மருந்தையும் தன் உடம்பு ஏற்கவில்லை என்று இவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரே ஒரு வரியை நான் படித்திருந்தால் இப்படி நினைத்திருப்பாளா? எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

"அக்கா, உன் டப்பால மருந்தே இல்ல" என்றேன். "வெறும் மாவு. பாதிப் பேருக்கு மாவுதான். நான் உங்கிட்ட அத்தப் படிக்காம வுட்டுட்டேன். அவ டப்பாதான் மருந்து. உனக்குக் கேக்காமப் போவல அக்கா, உனக்கு மருந்தே குடுக்கல."

இருக்கலாம் என்று சொல்லவில்லை. இருக்கலாம் என்று சொன்னால் கல்யாணம் நிற்காது. அந்தத் தாள்களைப் பார்த்தபிறகு எனக்குச் சந்தேகமும் இல்லை. ஒரு டப்பாவைத் தின்றால் ரெண்டு பேரும் தூங்குகிறார்கள், இன்னொன்றைத் தின்றால் ரெண்டு பேரும் முழித்திருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

ஜோடிக்காரிதான் முதலில் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லயா? ரெண்டு மாசமா அந்தப் பொம்பள செத்துடுவேன்னு பொலம்பினு இருக்குது, நீ வாரா வாரம் வந்து மாவ எண்ணிட்டுப் போனியா?" இன்னும் நிறையச் சொன்னாள், எழுத்தில் போட முடியாது. எல்லாவற்றுக்கும் நான் தகுதிதான். நின்று வாங்கிக்கொண்டேன், அழுகையும் வந்துவிட்டது.

அக்கா கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நெஜமா மாவா?"

"நெஜமாதான்க்கா."

அவள் எழுந்து சேலையை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு மத்தியானமே வானூர் பஸ் ஏறிவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அண்ணனிடம் ரெண்டு வருஷம் தவணை கேட்டிருக்கிறாள். படிப்பு முடியட்டும், பொண்ணு உங்க வீட்டுப் பொண்ணுதான், எங்கயும் போயிடமாட்டா என்று. அண்ணன் முறுக்கிக்கொண்டார். அண்ணி பேசவே இல்லை. தட்டு மாற்ற யாரும் வரவில்லை.

சனிக்கிழமை டாக்டர் வந்தார். உப்பைத் தின்றவள் தண்ணீர் குடித்துத்தானே ஆகவேண்டும். எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா மாற்றியதை, வரியை விட்டதை, மாவு என்று அடித்துச் சொன்னதை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்த டப்பால மாவுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"வட்டத்தப் பாத்தாலே தெரியுதே சார்."

"தெரியல. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றார். அதையும் சாந்தமாகத்தான் சொன்னார்.

ரெண்டு பெண்களையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். நான் கைநாட்டு வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு நர்ஸம்மாவுடன் திரும்பப் போய், விட்ட வரியைப் படித்துக் காட்டினேன். பாதிப்பேர் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வீட்டில் என் மேலேயே விட்டெறிந்தார்கள். என்னை ஏன் வேலையைவிட்டு அனுப்பவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "இனிமே நீங்க ஒரு வரியும் விடமாட்டீங்க" என்று மட்டும் சொன்னார். "விடமாட்டேன் சார்" என்று வாக்குக் கொடுத்தேன்.

மாத்திரை நின்றபிறகு அக்காவுக்கு டாக்டர் வேறு வைத்தியம் சொன்னார். பொழுது சாய்ந்தால் டீ கூடாது. பகலில் அம்பாரத்து நிழலில் கண் அசரக் கூடாது. தூக்கம் வந்தால்தான் படுக்க வேண்டும், வராவிட்டால் எழுந்து வேறு ரூமுக்குப் போய் உட்கார வேண்டும். "எங்க வூட்ல ஒரு ரூமுதான் சார், அதுக்கப்புறம் ரோடுதான்" என்றாள் அக்கா. சரி, வாசற்படியில் உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தாள். ஜோடிக்காரியும் தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். எதிரெதிர் வீடு. ஆவணி வாக்கில் ரெண்டு பேருமே ஒழுங்காகத் தூங்க ஆரம்பித்துவிட்டார்கள். ஐப்பசி வந்தது, அக்காவுக்கு நாற்பத்திரெண்டு முடிந்தது, ஒன்றும் ஆகவில்லை. மழைக்கு அளம் மூடியிருந்த அந்த மாசத்தில் அவளுக்குக் கன்னத்தில் சதை வைத்தது. பெண் திண்டிவனத்தில் டிரெயினிங் சேர்ந்து ஹாஸ்டலில் இருந்தாள். வானூரிலிருந்து மாசா மாசம் ஆள் வந்து, "பொண்ண எப்ப அனுப்பப் போற" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். "என் ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல, இன்னும் பத்து வருஷம் இருப்பேன், அவ படிக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

மார்கழிக் கடைசியில் சென்னையிலிருந்து பட்டியல் வந்தது. கலந்துகொண்ட ஒவ்வொருவருக்கும், கணக்கிலிருந்து எடுத்தவர்களுக்கும்கூட, அவர்கள் முழுங்கியது என்ன என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். டாக்டர் சீட்டுக்கட்டை என் முன்னால் வைத்துவிட்டு, மேலே இருந்த ரெண்டை மட்டும் தனியாக எடுத்துத் தள்ளினார்.

அக்காவின் டப்பாவில் மருந்து. ஜோடிக்காரியின் டப்பாவில் மாவு.

ரெண்டு தடவை படித்தேன். நம்பரையும் சரிபார்த்தேன். ஜோடிக்காரி பிணம் மாதிரி தூங்கியது மாவைத் தின்று. அக்கா பாதி நாள் தூங்கியதும் அந்த மாவைத் தின்று, இவளுக்குக் கேட்கும் மருந்தாயிற்றே என்ற நம்பிக்கையில். அசல் மருந்து அக்காவுக்குக் கேட்கவே இல்லை. அவள் எதற்குப் பயந்தாளோ அது அப்படியே நிஜம். அவள் அண்ணனிடம் போய்த் தவணை கேட்டதும், பெண் டிரெயினிங்கில் சேர்ந்ததும் என் பொய்யை நம்பித்தான்.

"இத அவங்களுக்குச் சொல்லித்தான் ஆவணுமா சார்?"

"அவங்க உடம்பு, அவங்க தெரிஞ்சுக்கணும். பயப்பட ஒண்ணும் இல்லன்னும் சொல்லுங்க. ஒரு மாத்திரை கேக்கலன்னா யாரும் செத்துடறதில்ல. ஆனா படிச்சுக் காட்டுங்க" என்றார். "ஒரு வரியும் விடாம."

"சரி சார்" என்றேன்.

பொங்கலுக்கு மறுநாள் காலையில் போனேன். ஜோடிக்காரியும் அங்கேதான் இருந்தாள், கரும்பு கடித்துக்கொண்டிருந்தாள். என்னை ரெண்டு பேரும் மன்னித்து வெகு நாளாகியிருந்தது. பெண் லீவுக்கு வந்திருந்தாள், ஹாஸ்டல் சாப்பாட்டில் கொஞ்சம் பூசினாற்போல இருந்தாள். உட்கார வைத்து, தட்டு நிறையப் பொங்கல் வைத்தார்கள். வழி முழுக்க யோசித்து வைத்திருந்த பேச்சு அங்கே போனதும் மறந்துவிட்டது. பேசாமல் சீட்டுகளை எடுத்து, "ஆஸ்பத்திரிலேருந்து குடுத்தாங்க, படிச்சுக் காட்டணும்" என்றேன்.

"நீ இன்னாத்துக்குப் படிக்கற, எங்க வூட்டு டீச்சரு படிக்கட்டும்" என்று அக்கா என் கையிலிருந்து சீட்டுகளை வாங்கி மகளிடம் கொடுத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் தடுக்கவில்லை. ஒரு வரியும் விடாமல் படிக்க ஆள் கிடைத்துவிட்டது, என் வாக்கும் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று கோழைத்தனமாக நினைத்துக்கொண்டேன்.

பெண் அம்மாவின் சீட்டை முதலில் மனசுக்குள் படித்தாள். பிறகு ஜோடிக்காரியின் சீட்டைப் படித்தாள். மறுபடியும் அம்மாவின் சீட்டுக்கு வந்தாள். அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமோ கெஞ்சலோ எதுவும் அந்தப் பார்வையில் இல்லை, சும்மா பார்த்தாள். நானும் பார்த்தேன்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் படிப்பது மாதிரி நிறுத்தி நிறுத்தி, சத்தமாகப் படித்தாள். அம்மாவுக்குக் கொடுக்கப்பட்ட மாத்திரையில் மருந்து இல்லை. எதிர்வீட்டு அத்தைக்குக் கொடுக்கப்பட்ட மாத்திரையில் மருந்து இருந்தது. ரெண்டு சீட்டையும் மடித்து, தன் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

"நான் சொன்னேன்ல" என்றாள் ஜோடிக்காரி, கரும்புச் சக்கையைத் துப்பிவிட்டு.

அக்கா அதைக் கவனிக்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"தப்பில்லாம படிச்சாளா கண்ணு?"

"ஒரு எழுத்து தப்பில்லக்கா" என்றேன்.